சபைக்கூடக் கதவில் இரண்டு காகிதங்கள்

ஹார்லோ கிராமம், மாசசூசெட்ஸ்
1791 ஜனவரி 18

அன்புள்ள தம்பி அசஹெலுக்கு,

உன் அக்கா மெஹிட்டபெல் எழுதுவது. கர்த்தருடைய தயவில் நானும் உன் மருமகன் அமோஸும் இரண்டு பசுக்களும் சுகம். நீயும் சுகம் என்று உன் கடிதம் சொன்னது, நம்புகிறேன். அதன் முத்திரை மெழுகு ஓர் ஓரத்தில் பெயர்ந்திருந்தது. யார் பிரித்துப் பார்த்தார்கள் என்பதைப் பிறகு விசாரிக்கலாம். இப்போது அதைவிட அவசரம்.

ஊர் ஊராக எடுத்த தலைக்கணக்கைப் பாஸ்டனில் உட்கார்ந்து பிரதி எடுப்பது உன் வேலை என்பதால் உனக்கு எழுதுகிறேன். போன அறுவடை சமயத்தில் குதிரையில் ஒருவர் வந்து, பதில் சொல்ல மறுத்தால் இருபது டாலர் அபராதம் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வணக்கமே சொன்னார். "அம்மா, வீட்டுல பதினாறு வயசுக்கு மேல ஆம்பளைங்க எத்தனை பேரு?" "எதுக்கு?" "காங்கிரசுக்கு எத்தனை பிரதிநிதின்னு முடிவு பண்ண." "அப்ப பிரதிநிதிகளை எண்ணுங்க. எங்களை எதுக்கு எண்ணுறீங்க?" அந்த நேரம் பார்த்து அமோஸ் கொட்டகைக் கூரைமேல் நின்று, "அம்மா, ஆணி தீர்ந்துபோச்சு!" என்று இடி மாதிரி கத்தினான். "அது யாரு?" "என் பையன். பதினஞ்சு நடக்குது." "தாடி இருக்கே?" "எங்க வம்சத்துல சீக்கிரம் முளைக்கும்." அவர் என்னைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

இருபத்திரண்டு வயசுப் பிள்ளையைப் பற்றி ஏன் அப்படிச் சொன்னாய் என்று நீ கேட்பாய். பதினாலு வருஷத்துக்கு முன் உன் அத்தான் பெயரையும் இப்படித்தான் யுத்தத்துக்கு ஆள் சேர்க்க வந்த ஒருத்தர் மரியாதையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். தாள் பத்திரமாக இருக்கிறது. அத்தான் திரும்பி வரவில்லை. ராஜா போய்விட்டார், இது நம்முடைய அரசாங்கம் என்கிறார்கள். இருக்கட்டும். நம்முடைய அரசாங்கத்துக்கு எதற்குப் பதினாறு வயசில் ஒரு கோடு?

எழுதினதோடு விட்டார்களா? ஊர் சரிபார்க்க வேண்டுமாம், சட்டமாம், தாளைக் கொண்டுவந்து சபைக்கூடக் கதவிலேயே ஆணி அடித்துவிட்டார்கள். அதே கதவில், ஒரு சாண் தள்ளி, என்ன தொங்குகிறது தெரியுமா? அமோஸுக்கும் சபைப் பெரியவர் டீக்கன் ஸ்டெபின்ஸ் மகள் கெத்தூராவுக்கும் கல்யாணம் என்கிற அறிவிப்பு. இந்தப் பக்கம் மாப்பிள்ளை அமோஸ் லூமிஸ். அந்தப் பக்கம் விதவை லூமிஸ் வீட்டில் பதினாறுக்கு மேற்பட்ட ஆண், பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமை ஊரே இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தது. கொல்லன் அமோஸின் கன்னத்தைத் தட்டி, "தம்பி, பால் குடிச்சியா?" என்றான்.

டீக்கன் எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். "உன் பையன் சின்னப் பிள்ளையா, இல்ல நீ பொய் சொன்னியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. சின்னப் பிள்ளைக்கும் பொண்ணு குடுக்க மாட்டேன், பொய் சொல்ற வீட்டுக்கும் குடுக்க மாட்டேன்." கெத்தூரா, "அப்பா, அவருக்கு என்ன வயசுன்னு உங்களுக்கே தெரியுமே!" என்றாள். "தெரியறது வேற, கதவுல இருக்கறது வேற!"

எனக்கு இந்த மனிதர்மேல் எப்போதும் ஒரு சந்தேகம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணக்குத் தாளில் அவர் பெயருக்கு நேரே இருந்த வரியைப் படித்தேன். பதினாறுக்கு மேல் ஒருவர். அவருடைய இரண்டு தடியன்களும், ஒருத்தனுக்குப் பத்தொன்பது, ஒருத்தனுக்கு இருபத்துநாலு, பொடியன்கள் பக்கத்தில் இருந்தார்கள். தாளை முழுக்கப் படித்தேன். பால் குடிச்சியா என்று கேட்ட கொல்லனே அவன் அப்பா வீட்டில் பொடியன்தான். இந்தக் கணக்குப்படி ஹார்லோவில் மரம் வெட்டக்கூட ஆள் கிடையாது. "டீக்கன் ஐயா, உங்க பசங்க?" என்றேன். குரலைத் தாழ்த்தி, "என் பசங்களுக்கா இப்ப கல்யாணம்? உன் வரியை மட்டும் திருத்திட்டு வா. இல்லாட்டி அந்த அறிவிப்பைக் கிழிச்சிடுவேன்" என்றார்.

ஆகையால் தம்பி, நீ பிரதி எடுக்கும்போது என் வரியில் அந்தப் பூஜ்யத்தை ஒன்று ஆக்கி, உன் கையெழுத்தோடு ஒரு நகல் அனுப்பு. பிள்ளை ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பிழை கணக்கெடுத்தவருடையது, நான் பொய் சொல்கிற பெண்ணில்லை, உனக்குத் தெரியும்.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம். எத்தனை குழந்தைகள் என்று யாரிடமும் சொல்லாதே. கர்த்தர் உங்களைக் காக்கட்டும். நீங்களும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள்.

உன் அக்கா,
மெஹிட்டபெல் லூமிஸ்

பின்குறிப்பு: பனியால் தபால்காரர் இரண்டு நாள் வரவில்லை, நல்லதாகப் போயிற்று. ஒன்றையும் திருத்தாதே. மேற்கே ஓஹையோ பக்கம் சண்டைக்குப் போன நம் படை அடிவாங்கித் திரும்பிவிட்டதாம், புதிதாக ஆள் எடுக்கப்போகிறார்களாம். இன்று காலை டீக்கன் முழங்கால் பனியில் ஓடிவந்து, "சம்பந்தியம்மா, கடிதம் போயிடுச்சா?" என்று கேட்டார். போகவில்லை என்றதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கணக்குத் தாளில் இருப்பது அத்தனையும் சத்தியம் என்று இப்போது அவரே சொல்கிறார். கல்யாணம் வருகிற வியாழக்கிழமை. அவசியம் வா, கையில் காகிதம் எதுவும் கொண்டுவராதே. போதகர்தான், மாப்பிள்ளைக்கு என்ன வயசு என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று தெரியவில்லை.