என் கொலைகாரியை விடுதலை செய்தார்கள்

எழுதுகிறவர்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. தாங்கள் எழுதிய கதை தங்களுக்குத் தெரியும் என்று நம்புவார்கள். நானும் நம்பினேன். செமினியில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போய், என் நாவலைப் படித்த பிள்ளைகள் முன்னால் சாட்சிக் கூண்டில் ஏறும்வரை நம்பினேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர் வேலை. பகலெல்லாம் இருமல் மருந்தும் சர்க்கரை மாத்திரையும் எடுத்துக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்ததும் கொலை செய்வேன். (தாள்லதான். எங்கம்மா சொல்றப்ப மட்டும் அந்தத் 'தாள்ல'ங்கிறதை விட்டுடுவாங்க.) அப்படிச் செய்த முதல் கொலை 'சாவிச் சத்தம்' என்ற பெயரில் புத்தகமாக வந்தது. இளையோருக்கான இருண்ட மர்ம நாவல் என்று பின்னட்டையில் போட்டிருந்தார்கள். 'இருண்ட' என்ற சொல்லை நான்தான் கேட்டு வாங்கிப் போட வைத்தேன்.

கதை இதுதான். மலை உச்சியில் பனி மூடிய ஓர் உறைவிடப் பள்ளி. மழை கொட்டும் ஒரு மாலையில் இசை ஆசிரியை சாரதா, பூட்டிய இசை அறைக்குள் இறந்து கிடக்கிறாள். நிலா என்ற பதினாறு வயது மாணவி துப்புத் துலக்குகிறாள். கண்ணாடி போட்டவள், அதிகம் பேசாதவள், எல்லாவற்றையும் கவனிப்பவள். (ஆமா, நான்தான். கொஞ்சம் கலரைக் கூட்டிக்கிட்டேன்.) அந்த மழையில் தகரக் கூரை போட்ட நடைபாதையில் ஒரு சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டதாக நிலா சொல்கிறாள். சாவிக்கொத்து வைத்திருப்பவள் விடுதிக் காப்பாளர் மரகதம் ஒருத்திதான். பிடித்தாயிற்று கொலைகாரியை. மரகதத்துக்குப் பருத்த உடம்பும், சிரிக்காத முகமும், இடுப்பில் சாவிக்கொத்தும் கொடுத்திருந்தேன். ஒரு கறுப்புப் பூனையும் கொடுத்திருந்தேன். பதிப்பாளர்தான் போதும் என்று எடுத்துவிட்டார்.

இவ்வளவுக்கும் நான் விடுதியில் தங்கியதே கிடையாது. பள்ளி முகாமுக்கு ஒருமுறை போய், கொசுக்கடி தாங்காமல் அப்பாவை வரவழைத்து வீடு திரும்பியவள்.

புத்தகம் வந்து சில மாதங்களில் கலைவாணி டீச்சர் என்பவர் கூப்பிட்டார். செமினியில் ரப்பர் தோட்டப்புறப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பெண்கள் விடுதியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவர்.

"உங்க கதையைப் படிச்சிட்டு எங்க பிள்ளைங்க தூங்க மாட்றாங்க. நீங்க ஒருநாள் வந்து பேசணும்" என்றார்.

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த விமர்சனம் அது என்று நினைத்தேன். அது புகார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஆனா நாலு மணிக்குத்தான் வரணும். காலையிலேயே வச்சிக்கலாம்னு சொன்னேன், பிள்ளைங்க சாயங்காலந்தான் வேணும்னு ஒரே பிடிவாதம்."

சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தார். காஜாங் தாண்டும்வரை என் உரையைச் சத்தமாக ஒத்திகை பார்த்தேன். 'நான் ஏன் இருளை எழுதுகிறேன்' என்பது தலைப்பு. அம்மா பாதியில் தூங்கிவிட்டார்.

விடுதி மண்டபத்துக்குத் தகரக் கூரை. பக்கவாட்டில் சுவர் இல்லாத திறந்த மண்டபம். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாலை, பொன்னாடை எதையும் காணவில்லை. மேசைக்குப் பின்னால் கறுப்பு மழைக்கோட்டு மாட்டிய ஒரு பெண் கையில் அகப்பையோடு இருந்தாள். அவள் தலைக்கு மேல் அட்டையில் பெரிதாக எழுதியிருந்தார்கள்: 'அரசாங்கம் எதிர் மரகதம்'. குற்றவாளி உட்காரும் நாற்காலியில் ஆளில்லை. ஒரு பெரிய சாவிக்கொத்து மட்டும் கிடந்தது.

கலைவாணி டீச்சர் என் காதருகே வந்தார். "சொல்ல மறந்துட்டேன். வழக்கு விசாரணை மாதிரி செய்றாங்க. நீங்கதான் முதல் சாட்சி."

அப்போதுதான் சமையலறை வாசலில் நின்றவரைப் பார்த்தேன். பருத்த உடம்பு, சிரிக்காத முகம். என் மரகதம் புத்தகத்திலிருந்து இறங்கி வந்து கைலியில் கை துடைத்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. விடுதிக் காப்பாளர் புஷ்பா ஆன்டி என்றார் டீச்சர். தண்ணீர் குடிக்கப் போன ஒரு சின்னப் பெண் அவரைக் கண்டதும் சட்டென்று ஒதுங்கிச் சுற்றிப் போனாள். எழுத்தின் வலிமையைப் பார்த்தாயா என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன். (அறிவு கெட்டவ.)

மரகதத்தின் வக்கீலாக எழுந்தவள் பெயர் தர்ஷினி. பதினைந்து வயதிருக்கும். இரட்டைப் பின்னல், ஈர்க்குச்சி உடம்பு, தலைவலி வந்தவள் போல ஒரு பார்வை.

"சாட்சி அக்கா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"நாசி லெமாக்" என்றேன். கொலை வழக்கில் தேங்காய்ப்பால் சோறு என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

"சம்பால் காரமா இருந்துச்சா?"

"கொஞ்சம்."

"வரும்போது குடை எடுத்துட்டு வந்தீங்களா?"

இப்படியே போயின கேள்விகள். கார் என்ன கலர், காஜாங்கில் நெரிசலா, அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள். ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் அவள் வெளியே வானத்தைப் பார்த்தாள். பாவம், பதற்றத்தில் கேள்வி மறந்துவிட்டது என்று எனக்கு இரக்கம் வந்தது.

"பயப்படாதம்மா. நிதானமா யோசிச்சுக் கேளு" என்றேன்.

"பயம் இல்லக்கா. காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

எதற்கு என்று கேட்பதற்குள் மழை வந்தது. எங்கள் பக்கத்து மாலை மழை தூறி, முன்னறிவிப்புக் கொடுத்து வருவதில்லை. யாரோ மேலிருந்து அண்டாவைக் கவிழ்த்தது போல் மொத்தமாக விழும். தகரக் கூரையில் அது விழுந்த இரைச்சலில் மண்டபமே நடுங்கியது. தர்ஷினி கையை உயர்த்தினாள். ஒரு சின்னப் பெண் நாற்காலியில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் கடைசிக்கு ஓடி, அங்கிருந்து குலுக்கினாள். கை ஆடுவது தெரிந்தது. சத்தம் இல்லை. குலுக்கிக்கொண்டே நடந்து வந்தாள். பாதி தூரம் வந்தாள்; கேட்கவில்லை. என் முன்னால் வந்து நின்றாள், அப்போதும் கேட்கவில்லை. என் காதோரத்தில் வைத்துக் குலுக்கியபோதுதான் ஏதோ கேட்டது.

தர்ஷினி என்னிடம் பேசவில்லை. பேசினாலும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். மேசைக்கு அடியிலிருந்து ஒரு மணிலா அட்டையை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். முன்பே எழுதி வைத்திருந்தாள்.

'நடந்து வரும்போது சத்தம் கேட்டதா?'

இல்லையென்று தலையாட்டினேன். அடுத்த அட்டை வந்தது.

'அப்படியென்றால் நிலாவுக்கு எப்படிக் கேட்டது?'

நான் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய கதையை, ஒரு பதினைந்து வயதுப் பெண் வானத்தை வேலைக்கு வைத்துக்கொண்டு உடைத்துவிட்டாள். அவளுக்கு மழைக்காலத்து மாலைப்பொழுதைத் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்தக் கூரையின் கீழ்தான் படிக்கிறாள், சாப்பிடுகிறாள். எனக்கோ, பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் மழை என்பது ஜன்னலில் தெரியும் ஒரு படம்.

மழை சற்றுக் குறைந்ததும் அவள் என் புத்தகத்தைத் திறந்தாள்.

"ஐந்தாம் அத்தியாயத்துல நிலா தன் கட்டில்ல உக்காந்து அழுவுறா. 'பாவம் டீச்சர், மூக்குக் கண்ணாடிகூட உடைஞ்சுபோச்சு'ன்னு சொல்றா. சரிங்களா?"

"சரி."

"இசை அறைக் கதவைத் திறக்கிறது ஆறாம் அத்தியாயம். அதுக்கு முன்னாடி சாவித் துவாரத்துல டீச்சர் காலு மட்டுந்தான் தெரிஞ்சுது, உள்ள யாருமே போகல. கண்ணாடி உடைஞ்சது அவளுக்கு எப்படித் தெரியும்?"

நடந்தது எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. விறுவிறுப்புக்காகக் கடைசி நேரத்தில் இரண்டு அத்தியாயங்களை முன்பின்னாக மாற்றியிருந்தேன். அந்த வரியை எடுக்க மறந்துவிட்டேன்.

"நீங்க வேணும்னேதானக்கா அதை அங்க வச்சீங்க?" தர்ஷினியின் கண்கள் பளபளத்தன. முதல்முறையாக அவள் என்னை மரியாதையோடு பார்த்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அவளுக்கு எங்கம்மா தெரியப்போவுது! போன் எங்க வச்சோம்னே தெரியாம வீட்டையே கவுத்துப் போடுறவ லா!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நீதிபதி அகப்பையால் மேசையைத் தட்டினாள். "பட்டுச் சேலை ஆன்டி, கோர்ட்டுல அமைதி!"

"இல்லம்மா, அது என்னோட தப்புத்தான். அத்தியாயத்தை மாத்துறப்ப கவனிக்கல" என்றேன்.

தர்ஷினி கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ எனக்கு ஆறுதல் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப நிலா உங்களையும் ஏமாத்திட்டாக்கா."

அதற்குப் பிறகு அவள் பேசியதை நான் வாய் பிளந்து கேட்டேன். பள்ளி விழாவில் தனியாகப் பாடும் வாய்ப்பை நிலாவுக்குத் தராமல் வேறொருத்திக்குக் கொடுத்தாள் சாரதா. அதை நான் சும்மா ஒரு வரியில் எழுதியிருந்தேன். நிலா அடிக்கடி கை கழுவுகிறாள். மருந்துக்கடைக்காரி என்பதால் நான் கழுவுகிறேன், அதனால் அவளும் கழுவினாள், அவ்வளவுதான். மரகதம் குளிக்கப் போகும்போது சாவிக்கொத்தை ஆணியில் மாட்டுவதையும் நானே எழுதியிருந்தேன். தர்ஷினி அதையெல்லாம் பொறுக்கி எடுத்து ஒவ்வொன்றாகக் கோத்தாள். நான் எழுதிய கதைக்கு அடியில் இன்னொரு கதை இருந்திருக்கிறது. என்னுடையதைவிடப் பத்து மடங்கு பயங்கரமான கதை. என் சாயலில் நான் செல்லமாக வளர்த்த பெண் ஓர் ஆசிரியையைக் கொன்றுவிட்டு, பழியைக் காப்பாளர் தலையில் போட்டிருக்கிறாள். நான் அவளுக்கு இருநூற்றுச் சொச்சம் பக்கம் ஒத்தாசை செய்திருக்கிறேன்.

"மரகதம் நிரபராதி!" அகப்பை மேசையில் விழுந்தது.

சின்னப் பிள்ளைகள் குதித்துக் கத்தினார்கள். நாடகம் முடிந்தது என்று நான் எழுந்தேன். முடியவில்லை. தர்ஷினி சமையலறை வாசலைப் பார்த்து, "ஆன்டி, இப்ப உள்ள வாங்க" என்றாள்.

டீச்சர்தான் எனக்கு மெல்லிய குரலில் சொன்னார். என் புத்தகம் வந்ததிலிருந்து அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் புஷ்பா ஆன்டியைக் கண்டு மிரண்டு போயிருந்தார்கள். சாவிச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி காய்ச்சலைக்கூட அவரிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். கடைசியில் ஆன்டி சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாராம், சத்தம் வரக்கூடாதென்று. இந்த வழக்கு எனக்காக நடந்ததே அல்ல.

சாவியைக் குலுக்கிய அந்தச் சின்னப் பெண் அதைக் கொண்டுபோய் ஆன்டியின் கையில் கொடுத்தாள். அவர் வாங்கி இடுப்பில் செருகினார். கலகலவென்று சத்தம் கேட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் 'நான் ஏன் இருளை எழுதுகிறேன்' உரையை நான்காக மடித்துக் கைப்பைக்குள் தள்ளினேன்.

புஷ்பா ஆன்டி குவே பலகாரமும் தேநீரும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மன்னிப்புக் கேட்க எழுந்தேன்.

"நல்லாத்தான் எழுதுறீங்க" என்றார் அவர். "ஆனா அந்த மரகதத்துக்கு ஒரு வேளை சோறாவது போட்டிருக்கலாம். கதை முழுக்க அந்தம்மா ஒரு வாய் சாப்பிடல. காப்பாளரும் மனுசிதானே?"

எத்தனையோ பேர் அந்த நாவலை விமர்சித்துவிட்டார்கள். அதைவிடக் கூர்மையாக ஒருவரும் சொன்னதில்லை.

இரண்டாம் பதிப்பில் முடிவை மாற்றினேன். நிலா மாட்டிக்கொள்கிறாள். மரகதம் மூன்றாம் அத்தியாயத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடுகிறாள், முட்டையோடு. ஐந்தாம் அத்தியாயத்தில் ஆசிரியர் நுட்பமாக ஒளித்து வைத்த தடயத்தை ஒரு பத்திரிகை வியந்து எழுதியது. அதைக் கத்தரித்துத் தர்ஷினிக்கு அனுப்பினேன். சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள். அவள் வக்கீலாவாள் என்று நினைத்தேன். இப்போது பல் மருத்துவம் படிக்கிறாள். அவளிடம் வாய் திறக்கப் போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வீட்டில்தான் என் நிலைமை இன்னும் சீராகவில்லை. தொலைக்காட்சியில் மர்மத் தொடர் ஓடினால் எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். போன வாரம்கூட அக்கா மகள் கேட்டாள்.

"சித்தி, யாரு கொலைகாரன்?"

நன்றாக யோசித்து, எல்லாத் தடயத்தையும் கணக்கில் எடுத்து, "டிரைவர்" என்றேன்.

"சரி, டிரைவர் இல்ல" என்றார் அம்மா, முறுக்கை ஒடித்துக்கொண்டே. "மிச்சம் யார் யார் இருக்கா?"