பேசிய ஆமைக்கு ஒரு மெமோ

டெக்சாஸில் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், மருத்துவக் காப்பீடு இல்லாத ஏழைக் குழந்தைகள் ஏராளம் என்பதை மேலிடம் மிகுந்த கவலையுடன் கவனத்தில் கொண்டது. காப்பீட்டை அரசாங்கம் தருகிறது, ஆனால் பதிந்துகொள்ள ஆள் வருவதில்லை. ஏன் என்று ஆராயத் தலைநகர் ஆஸ்டினிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். மூன்று மாதம் ஆராய்ந்து காரணத்தையும் கண்டுபிடித்தார்.

"உங்ககிட்ட ஆமை இல்லை."

"ஆமையா?" என்றார் எங்கள் காப்பீட்டுப் பதிவு அலுவலக இயக்குநர் டார்லா.

"முதுகுல ஓடு இருக்கு பாருங்க மேடம்! பாதுகாப்புக்கு இதைவிட என்ன அடையாளம் வேணும்? ஆமையைப் பார்த்ததும் குழந்தைங்க கிட்ட வரும். பின்னாடியே அம்மா வருவாங்க."

ஆள் உள்ளே புகுந்துகொள்கிற ஆமை உடை வந்து சேர்ந்தது. குள்ளமான ஆளுக்குத்தான் பொருந்தும். அலுவலகத்தில் குள்ளன் நான் ஒருவன்தான். குழந்தைகளைக் கம்ப்யூட்டரில் பதிய அனுமதி பெற்றவனும் நான் ஒருவன்தான். இந்த இரண்டு தகுதிகளில் எது முக்கியம் என்று கூட்டம் போட்டு, உயரமே என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். நானும் கை தூக்கினேன். இத்தனை வருஷ சர்வீஸில் என்னை ஒருவரும் கட்டிப்பிடித்ததில்லை. ஆமையையாவது கட்டிப்பிடிப்பார்கள் என்று ஓர் ஆசை.

ஒரே ஒரு விதி: ஆமை பேசாது. பேசினால் குழந்தைகளின் கனவு கலைந்துவிடுமாம்.

ஆகஸ்ட் மாதம், சர்ச் வாசலில் கார் நிறுத்துகிற இடத்தில் முகாம். பலூன், டாக்கோ ரொட்டி, இலவச டூத் பிரஷ் என்று ஒரே அமர்க்களம். அந்த வெயிலில் ஓட்டுக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன். கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்க்கும் யெசேனியா, ஆறு வயது மகன் எலிசியோவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பையன் நெஞ்சு விசிலடிப்பது ஓட்டுக்குள் இருந்த எனக்கே கேட்டது.

"இவனுக்கு இளைப்பு. இன்ஹேலர் தீர்ந்துபோச்சு, கடை விலைக்கு எனக்குக் கட்டுப்படியாகாது. இங்க இன்சூரன்ஸ் பதியறாங்கன்னு சொன்னாங்களே?"

"கண்டிப்பா!" டார்லா ஒரு டூத் பிரஷ்ஷை நீட்டினார். "ஆனா பதியற ஆளு இன்னிக்கு வேற டியூட்டில இருக்காரு."

"எங்க இருக்காரு?"

டார்லா என்னைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

"ஆமையோட ஒரு போட்டோ எடுத்துக்கறீங்களா?"

பையன் என் வயிற்றில் சாய்ந்து நின்றான். சிரிக்கச் சொன்னார்கள். அந்தத் திணறலிலும் அவன் சிரிக்கப் பார்த்தான், பாவம். அட மடையா, வாயைத் திறந்து தொலையேன் என்று என்னையே திட்டிக்கொண்டு திறந்தேன்.

"ஏம்மா, மாசச் சம்பளம் எவ்வளவு வருது? வீட்ல எத்தனை பேரு?"

"அம்மா! ஆமை பேசுது!" என்று கத்தினான் எலிசியோ.

ஆமைக் கையைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து பதிந்தேன். காப்பீட்டு கார்டு வரும்வரை தாங்க, தெரிந்த தர்ம கிளினிக்குக்குப் போன் போட்டு அன்றைக்கே ஒரு இன்ஹேலருக்கும் ஏற்பாடு செய்தேன். அந்த முகாமில் பதிவான ஒரே குழந்தை அவன்தான்.

வேலை போகும் என்று நினைத்தேன். மேலிடமோ, ஆமைத் திட்டம் மகத்தான வெற்றி என்று முடிவு கட்டி, மறு வருஷம் ஒன்பது ஆமைகளுக்கு அனுமதி கொடுத்தது. என்னை ஆமை ஒருங்கிணைப்பு அதிகாரி ஆக்கினார்கள். டை, தனி அறை, ஏ.சி. எல்லாம் வந்தது. பதியும் அனுமதி மட்டும் இன்னும் என் ஒருவனிடமே இருந்தது. என் முதல் சுற்றறிக்கை: 'ஆமை பேசாது. மீறும் ஆமைக்கு மெமோ வழங்கப்படும்.' நான் பேசியது ஒரு விசேஷ சந்தர்ப்பம். எல்லா ஆமையும் பேச ஆரம்பித்தால் நிர்வாகம் என்னாவது?

மறு ஆகஸ்டில் யெசேனியா மறுபடி வந்து நின்றாள். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்விட, காப்பீட்டிலிருந்து பையன் பெயரை எடுத்துவிட்டார்களாம். அவன் நெஞ்சில் அதே விசில். அவள் ஒவ்வோர் ஆமையிடமும் போய், "நீதானா அது? பேசேன்!" என்று கெஞ்சினாள். ஒன்பதும் கையை ஆட்டின. பயிற்சி அப்படி.

நான் ஓடினேன். "வாங்கம்மா, நான் பதிஞ்சு தரேன். போன வருஷ ஆமை நான்தான்."

அவள் என் டையை மேலும் கீழும் பார்த்தாள். "போங்க சார். அது நல்ல ஆமை."

எலிசியோ அவள் பின்னால் ஒளிந்துகொண்டான். "அம்மா, இவரு ஆபீசரும்மா."

வேறு வழி? ஆபீஸ் வேனுக்குப் போய் என் பழைய ஆமை உடையை மாட்டிக்கொண்டு வந்தேன்.

"என்னடா எலிசியோ, இன்ஹேலர் தீர்ந்துபோச்சா?"

பையன் பாய்ந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். அன்றைக்கே பதிந்தேன், காப்பீடும் திரும்பக் கிடைத்தது.

ஆனால் விதி விதிதானே? பேசிய ஆமைக்கு என் கையெழுத்திலேயே மெமோ போயிருக்கிறது. விளக்கம் கேட்டிருக்கிறேன். ஆமை பேசாது என்பதால் பதில் வரவில்லை. விசாரணை முடியும்வரை அதைச் சஸ்பெண்ட் செய்திருக்கிறேன். பதியும் அனுமதி அந்த ஆமை ஒன்றிடம்தான் இருக்கிறது, எனவே குழந்தைகளைப் பதியும் வேலை தாற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. டூத் பிரஷ் வழக்கம்போல் கிடைக்கும்.