கண்ணால் ஓட்டிய ரயில்

ரயிலுக்கு ஓட்டுநரே கிடையாது என்று ஹரீஷ் தன் அம்மாவிடம் மறுபடியும் சொன்னான்.

"ஓட்ட ஆளில்லாம எப்படிடா ஓடும்?" என்றாள் லெட்சுமி.

"அதுவா ஓடும்மா. எங்கயோ ஒரு ரூம்ல உட்கார்ந்து கேமராவுலயும் கம்ப்யூட்டர்லயும் பாத்துக்குவாங்க. நான் டிப்போவுல கதவு ரிப்பேர் பாக்குறவன். ஏன் டிரைவர்னு சொன்னே?"

"கதவு ரிப்பேர்னா எவன் பொண்ணு குடுப்பான்? அதோ வர்றாங்க. சிரி."

கெலுகோர் நிலையத்தின் நகரும் படியில் பெண்ணின் அப்பா நாராயணனும் அவர் மனைவி பிரேமாவும் அவர்களை அழைத்துப்போக மேலே வந்துகொண்டிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு முன் ஊழியர் குடும்பங்களுக்கு மட்டுமான வெள்ளோட்டம் அது. பெண் வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில். மாப்பிள்ளை ஓட்டும் ரயிலிலேயே போய்ப் பெண் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்ததே நாராயணன்தான்.

"அர்ச்சனாவுக்கு இன்னிக்கு டூட்டி தம்பி. சாயந்தரம் வீட்டுக்கு வந்துடுவா" என்றார் அவர்.

ஹரீஷ் அவளைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த நாளிலிருந்து கதவுத் திருகாணிகூட அவனுக்கு அழகாகத் தெரிந்தது. இந்தச் சம்பந்தம் கைநழுவினால் அவன் என்ன ஆவான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

ரயில் சத்தமில்லாமல் வந்து நின்றது. லெட்சுமி மகனை முன்கண்ணாடியை ஒட்டிய இருக்கையில் தள்ளி உட்காரவைத்தாள்.

நாராயணன் குனிந்து தேடினார். "ஸ்டேரிங் எங்க தம்பி?"

ஹரீஷ் வாயைத் திறப்பதற்குள் லெட்சுமி முந்திக்கொண்டாள். "இதுல கண்ணாலதான் ஓட்டணும் அண்ணே. எல்லாம் மாடர்ன் லா!"

"கண்ணாலயா! அப்ப கண்ண மூடினா?" என்றாள் பிரேமா.

"நின்னுடும் ஆன்ட்டி" என்றான் ஹரீஷ். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே புரியவில்லை.

ரயில் புறப்பட்டது. இனி இமைக்க முடியாது.

ஜார்ஜ்டவுனின் ஓட்டுக் கூரைகள் காலடியில் வழிந்தோடின. கடைவீதிப் பெயர்ப்பலகைகள் எறும்புகளாகச் சிறுத்தன. பிறகு ரயில் ஒரு பக்கமாக வளைந்தது. ஊர் சட்டென்று தீர்ந்துபோனது. பாலத்துக்குக் கீழே கடல். ஃபெர்ரி ஒன்று யாரோ விட்ட காகிதக் கப்பல்போல் போய்க்கொண்டிருந்தது. அக்கரைத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வெயிலில் கைதூக்கி நின்றன. இந்த ரயிலின் கதவுகளை எத்தனையோ முறை கழற்றி மாட்டியவன் அவன். அவற்றுக்கு வெளியே இப்படியொரு வெளிச்சம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

அவன் கண்ணில் நீர் வழிந்தது. பாதி கடலால். பாதி இமைக்காததால்.

"பாவம், என்னா பொறுப்பு!" பிரேமா உருகிப்போனாள். "திரும்பாதீங்க தம்பி, நானே ஊட்டுறேன்." கார முறுக்கை உடைத்து அவன் வாயில் வைத்தாள்.

மிளகு மூக்கில் ஏறியது. ஹரீஷ் தும்மினான். கண் மூடியது.

ரயில் நின்றது.

நடுக்கடலில், அசையாமல்.

"கண்ணத் தொறடா!" என்று அலறினாள் லெட்சுமி.

திறந்தான். ரயில் நகரவில்லை.

"இன்னும் பெருசா தம்பி!" என்றார் நாராயணன்.

முழி பிதுங்கத் திறந்தான். லெட்சுமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டாள். பின்னாலிருந்த குடும்பங்களெல்லாம் எழுந்து வந்து அவன் கண்ணையே பார்த்தன. "மேல பாருங்க அண்ணே!" "கொஞ்சம் தண்ணி தெளிங்க லா!" ரயில் மட்டும் கடலைப் பார்த்தபடி நின்றது.

சுற்றிலும் அத்தனை பெரிய நீலத்துக்கு நடுவே, தன் பொய் ஹரீஷுக்கு மிகச் சின்னதாகத் தெரிந்தது. அவன் எழுந்தான்.

"அங்கிள், நான் டிரைவர் இல்ல. இதுக்கு டிரைவரே கிடையாது. நான் கதவு ரிப்பேர் பாக்குறவன். பொய் சொல்லிட்டு உங்க பொண்ணு முன்னால போய் உட்கார எனக்கு மனசு வரல. வேணாம்னா இங்கயே சொல்லிடுங்க."

லெட்சுமி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

நாராயணன் கோபப்படவில்லை. மெதுவாக எழுந்து கதவருகே போனார். கட்டுப்பாட்டு அறையோடு பேசுவதற்கான பொத்தானை அழுத்தினார்.

"அர்ச்சனா, மாப்பிள்ளை உண்மையச் சொல்லிட்டாரும்மா. இப்ப வண்டிய எடு!"