ஊரெல்லாம் நம்பர் ஒன்

பாதிப் பாடம் படித்துவிட்டு முழு மேதாவியாக நடமாடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்த ஜாதியில் என்னை மிஞ்சிய ஆள் யாரும் இல்லை என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

வில்லியனூரில் ஒரு மாடி அறை. மூன்றே மாதத்தில் வெப் டெவலப்பர் ஆக்கிவிடுவதாக போர்டு மாட்டியிருந்தார்கள். பண்டசோழநல்லூரிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். (அந்த போர்டை நம்பியதற்கே என்னைத் தனியாகத் திட்டலாம், இங்கே இடம் போதாது.) ஒரு வாரம் ‘ஸ்டேட்’ நடத்தினார்கள். யார் எந்தப் பட்டனை அழுத்தினார்கள், எண்ணிக்கை இப்போது எத்தனை என்பதையெல்லாம் ஒரு வெப் பக்கம் தன் நினைவில் வைத்திருப்பதுதான் ஸ்டேட். அது எனக்கு அல்வா சாப்பிடுவது போல வந்தது. அடுத்த வாரம் ‘வெப் சர்வீஸ்’. அதாவது, அந்த நினைவை எல்லோருக்கும் பொதுவான ஒரு சர்வருக்கு அனுப்பி வைத்து, வேண்டும்போது அங்கிருந்து கேட்டு வாங்குவது. அந்த வாரம் பார்த்து சித்தி மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. ஐந்து நாளும் நான் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். என் போனுக்கே எல்லாம் ஞாபகம் இருக்கும்போது இன்னொரு கம்ப்யூட்டரிடம் போய்க் கையேந்துவானேன் என்ற திமிர் வேறு.

இனி அப்பா. அறுவடைக் காலத்தில் ஆத்தூர்ப் பக்கமிருந்து நெல் அறுக்கும் மிஷின் ஒன்று எங்கள் ஊருக்கு மூன்று நாள் வரும். எந்தக் கழனியில் எப்போது இறங்குவது என்று முறை போடுகிறவர் அப்பாதான். ரோட்டோரக் கழனியை அறுத்தால்தான் உள்கழனிக்கு மிஷின் போக வழி கிடைக்கும். அந்தக் கணக்கெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. மழைக்கு முன்னால் நெல் வீடு வந்து சேர வேண்டும், ஊருக்கு அதுதான் கவலை. அவர் முறை போட்டு ஒரு வருடமும் சண்டை வந்ததில்லை. அங்கே போய்த்தான் நான் மூக்கை நுழைத்தேன்.

இந்தக் காலத்தில் யாராவது தலைக்குள் வரிசை வைப்பார்களா, வெப்சைட் போட்டுத் தருகிறேன் என்றேன். அப்பா யோசித்தார். படித்த பெண் சொல்கிறாளே என்று ஒப்புக்கொண்டு, வீடு வீடாக அவரே போய், இந்த வருடம் போனில் பதியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டே நாளில் வெப்சைட் தயார். அதில் ஒன்றரை நாள் பூ கொட்டுவதற்கே போயிற்று. பெயரை அடித்து பட்டனைத் தட்டினால் ‘உங்கள் முறை’ என்று பச்சை எழுத்தில் எண் வரும், மேலிருந்து மல்லிகைப் பூ கொட்டும். என் போனில் சோதித்துப் பார்த்தேன். எங்கள் ஆடு லட்சுமிக்கு ஒன்று, நாய் மணிக்கு இரண்டு, தம்பிக்கு மூன்று. பிசகாமல் எண் ஏறியது. லிங்க்கை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் வெப்சைட் எந்த சர்வருக்கும் எதையும் அனுப்பவில்லை. எண்ணிக்கை அவரவர் போனுக்குள்ளேயே கிடந்தது. யார் பதிந்தாலும் அவர் போனில் அவர்தான் முதல் ஆள்.

வேறு ஊராக இருந்தால் ஒரு மணி நேரத்தில் குட்டு உடைந்திருக்கும். எங்கள் ஊரில் நல்லது நடந்தால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், கண் பட்டுவிடும். எங்களைத் தவிர்த்த பதினாறு குடும்பமும் முதல் எண்ணை மடியில் முடிந்துகொண்டு கமுக்கமாக இருந்தது. போதாததற்கு ஒவ்வொருவராக வந்து எனக்கு மரியாதை வேறு செய்தார்கள். ரோட்டோரக் கழனி ஏழுமலை மாமா ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். அவருக்குப் பின்னால் உள்கழனி வைத்திருக்கும் ஞானப்பிரகாசம் அண்ணன் ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தார். எல்லாம் என் தொழில்திறமைக்குக் கிடைத்த பாராட்டு என்று நானும் வாங்கி வாங்கித் தின்றேன். (முட்டை நன்றாகவே இருந்தது.)

மிஷின் வந்த காலையில் பதினாறு பேரும் களத்தில் நின்றார்கள். டிரைவர் லிஸ்ட் கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு போனைத் திறந்து, முதலில் லட்சுமி என்று படித்தேன். யார் அந்த லட்சுமி என்று டிரைவர் கேட்டார். அம்மா மெதுவாக, “அது எங்க ஆடுப்பா” என்றாள்.

அப்புறம் ஆளாளுக்குப் போனை எடுத்து நீட்டினார்கள். பதினாறு போனிலும் ஒன்று. பதினாறு போனிலும் மல்லிகைப் பூ. ஏழுமலை மாமா ஞானப்பிரகாசம் அண்ணனின் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அப்பாவிடம் திரும்பினார்.

“இன்னாபா இது? பொண்ண வுட்டு ஆளுக்கொரு ஒண்ணாம் நம்பர் வித்துக்கினு இருக்கியா?”

நான் குறுக்கே புகுந்து ஸ்டேட் என்றால் என்னவென்று விளக்க ஆரம்பித்தேன். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பழத்தையும் முட்டையையும் ஒவ்வொருவராகச் சொல்லிக் காட்டினார்கள். சண்டையிலேயே பாதி நாள் போயிற்று. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

“எங்க வூட்டு கழனி கடைசி,” என்றார். “போதுமா? மத்த கழனிக்கு முறைய நானே நடந்து வந்து காட்டறன், வாங்க.”

எங்கள் கழனிக்கு இரண்டாம் நாளே முறை வந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலம், பதினாறு கழனி முடிந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மிஷின் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. எங்கள் நெல் தண்ணீரில் சாய்ந்து படுத்தது. நாலு நாள் சேற்றில் நின்று நாங்களே கையால் அறுத்தோம். முளைவிட்ட நெல்லை ஒரு முறத்தில் அள்ளி அம்மா என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

விட்ட பாடத்தைப் பிறகு ஒழுங்காகப் படித்தேன். இப்போது புதுச்சேரியில் ஒரு சின்னக் கம்பெனியில் இதே வேலைதான் பார்க்கிறேன். முறை போடும் வெப்சைட்டையும் சர்வரோடு திருத்திக் கொடுத்தேன். (பூவை எடுத்துவிட்டேன்.) வழிக் கணக்கை அப்பா சொல்லச் சொல்ல அதில் ஏற்றினேன். ஊர்க்காரர்கள் மறுபடியும் பதிகிறார்கள், ஆனால் பதிந்த கையோடு பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் அவர்கள் எண்ணையும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அப்பா மட்டும் எல்லோரும் பதிந்து முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு தன் பெயரை அடித்துவிட்டு, வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து என்னைக் கூப்பிடுவார். தம்பி அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுவான்.

“எனக்கு எத்தினி வந்திருக்குது பாரு.”

“பதினேழுப்பா.”

“அப்ப சரியாத்தான் வேல செய்யுது.”