கசாப்புக்காரருக்கும் சின்ன சைஸ்

எங்கள் சான் ரோக்கேயில் பந்து கூடைக்குள் விழாவிட்டால் காற்று காரணம். கூரை ஒழுகுவது காரணம். பக்கத்து ஊர்க்காரனின் மாமியார் கண்ணு வைத்தது காரணம். குறி தவறிவிட்டது என்று மட்டும் எவனும் ஒப்புக்கொண்டது கிடையாது. அப்படிப்பட்ட ஊரைத் தேடித்தான் பிரதர் டாடோ வந்து சேர்ந்தார். ஆளுக்கேற்ற ஊர், ஊருக்கேற்ற ஆள்.

திருவிழாக் கூடைப்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்த நேரம். ஜெயிக்கிற அணிக்கு ஒரு முழுப் பன்றி. பிரதர் கொண்டுவந்த சரக்கு ஸ்லீவ். மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை கையை இறுக்கிப் பிடிக்கிற துணி. டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் மாட்டியிருப்பார்களே, அதுதான். ஆனால் இவருடையது சாதா ஸ்லீவ் இல்லையாம். பெரிய வெள்ளியன்று மலைக் குகையில் வைத்து, லத்தீனில் ஓதி எடுத்ததாம். பெரிய வெள்ளியில் ஓதிய தாயத்து இருந்தால் துப்பாக்கிக் குண்டே விலகிப்போகும் என்பது எங்கள் மாகாணத்து நம்பிக்கை. குண்டே விலகும்போது பந்து விழாதா? எங்கள் தர்க்கத்தில் ஓட்டை கிடையாது.

மைதானத்தின் ஓரத்தில் லோமி நூடுல்ஸ் கடையைவிட நீளமான வரிசை நின்றது. பிரதர் ஒருவரையும் அளந்து பார்க்கவில்லை. அளப்பது மனிதன் வேலையாம். அவர் ஒரு பித்தளை ஊசலைக் கையின் மேல் தொங்கவிடுவார். கண்ணை மூடுவார். ஊசல் லேசாக ஆடும்.

"சின்ன சைஸ்!" என்பார்.

ஒல்லிக்குச்சி மாணவனுக்கும் சின்ன சைஸ். இடையில் வந்த தபால்காரருக்கும் சின்ன சைஸ். கசாப்புக்காரர் கார்டிங்கின் கை, அவர் கடையில் தொங்கும் பன்றித் தொடையைவிடப் பருமன். அவருக்கும் சின்ன சைஸ்தான். இரண்டு பேர் பிடித்து இழுத்து ஏற்றினார்கள்.

"வலிக்குது பிரதர், விரல் மரத்துப்போச்சு" என்றார் கார்டிங்.

"வலிக்குதா? அப்ப சக்தி உள்ள இறங்குதுன்னு அர்த்தம். வலிக்கலன்னாத்தான் பயப்படணும்."

மாடலுக்கு வேறு சாஸ்திரம். முழங்கையில் மெத்தை வைத்தது, கட்டைவிரல் ஓட்டை போட்டது, வெறும் குழாய் என்று மூன்று வகை. எதை வாங்குவது என்பதைப் பிறந்த நாளுக்குரிய புனிதர் தீர்மானிப்பார். எந்தப் புனிதரும் விலை குறைந்த வகையைத் தேர்ந்தெடுத்ததாக எனக்கு நினைவில்லை.

நம்பாதவனுக்கு ஒரு சோதனையும் உண்டு. கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்வார். வெறுங்கையை அழுத்துவார், பொத்தென்று கீழே விழும். ஸ்லீவ் போட்ட கையை அழுத்துவார், இரும்பு மாதிரி நிற்கும். கூட்டம் "ஓ!" என்று அலறும்.

அந்த "ஓ!"வில் மிகச் சத்தமான குரல் என்னுடையது. நான் ரோமுலோ. நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் அணியில் மாற்று ஆட்டக்காரன். ஆடிய நேரத்தைவிடப் பெஞ்சைத் தேய்த்த நேரம் அதிகம். பிழைப்புக்கு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். சிரிக்காதீர்கள், சிரிப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

என் அக்கா லியோனோராவைத் தெரியாதவர் இங்கே இல்லை. போட்டியில் மைக் பிடித்து வர்ணனை சொல்கிறவள். நான் பந்தைத் தவறவிட்டால், "எங்க தம்பி பந்தைக் கூடைக்கு அனுப்பல, சர்ச்சுக்கு அனுப்பிட்டான், பூசைக்கு நேரமாச்சு போல" என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். இரண்டு வருடம் முன்னால் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை செய்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து வலது கை வீங்கும். அதை அடக்க அவளும் ஒரு ஸ்லீவ்தான் போட்டிருந்தாள், மருத்துவமனையில் அளவெடுத்துக் கொடுத்தது. அது நைந்து தொளதொளத்துவிட்டது. புதிதாக அளவெடுக்க நகரத்துக்குப் போக வேண்டும். துணைக்கு நான் வருவதாகச் சொல்லியிருந்தேன்.

அந்த நாளில்தான் அரையிறுதி ஆட்டம் வந்து விழுந்தது. பெஞ்சில் உட்கார என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"அக்கா, நகரத்துக்கு எதுக்கு அலையணும்? பிரதர்கிட்டயே ஒண்ணு வாங்கிட்டேன்."

"யாரோட கைய அளந்தான்?"

"அளக்கல. ஊசல் சொல்லிச்சு."

"நான் அங்க வரவே இல்லையேடா!"

"உன் போட்டோவைக் காட்டினேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வாத்தியாரே, உங்கிட்ட படிக்கிற புள்ளைங்கள நெனச்சாத்தான் பாவமா இருக்கு" என்றாள். ஆனாலும் போட்டுக்கொண்டாள். தம்பி ஆசையாக வாங்கி வந்தான் என்பது தவிர வேறு காரணம் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அரையிறுதிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஸ்லீவைக் கழற்றி எறிந்திருந்தாள். மேல் விளிம்பு சுருண்டு கையைக் கயிறுபோல் நெரித்த தடம் சிவப்பாகக் கிடந்தது. புறங்கை அப்பம்போல் உப்பி, விரலை மடக்க முடியவில்லை. இப்படியே விட்டால் வீக்கம் நிரந்தரமாகத் தங்கிவிடும் என்று மருத்துவர் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. புத்திக்கு எப்போதும் கடைசி ஜீப்னி வண்டிதான் கிடைக்கும்.

"வலிக்குதாக்கா?"

"சக்தி இறங்குதுடா" என்றாள். சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல மொத வேலை நகரம். இன்னைக்குச் சாயங்காலம் ஒரு வேலை பாக்கி இருக்கு. உன் பழைய கால்சட்டை ஒண்ணும், மழைக்கோட்டும் எடுத்துட்டு வா. இல்ல, கால்சட்டை வேணாம். கால்ல போடுற நீள சாக்ஸ் போதும்."

சாயங்காலம் இன்னொரு ஆட்டத்தின் இடைவேளை. பிரதர் வழக்கம்போல் கடை விரித்திருந்தார். அக்கா இடது கையால் மைக்கை எடுத்தாள்.

"ஊர் மக்களே! பிரதர் டாடோவோட சக்தியை எல்லாருக்கும் தெரியுறாப்பல காட்டப்போறோம். பிரதர், வாங்க! பயப்படாதீங்க, பந்து விளையாடச் சொல்ல மாட்டோம்."

கூட்டம் கைதட்டியது. பிரதர் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். சோதனைக் கை என்னுடையது. மேடைக்குப் பின்னால் போய், அக்கா சொன்னபடி மாட்டிக்கொண்டு, மேலே மழைக்கோட்டை இழுத்துவிட்டு வந்து நின்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. கோட்டின் மணிக்கட்டில் அக்கா உதட்டுச் சாயத்தால் ஒரு கோடு போட்டாள்.

"ரெண்டு தடவை வருவான். ஒரு தடவை உள்ள உங்க ஸ்லீவ் இருக்கும், இன்னொரு தடவை இருக்காது. எதுல சக்தின்னு நீங்க சொல்லணும். ஆனா நான் கோடு போட்ட எடத்துலதான் அழுத்தணும்."

பிரதரின் முகம் சற்றே சுருங்கியது. "சக்தியை இப்படியெல்லாம் சோதிக்கக் கூடாதும்மா."

"நீங்கதானே தினமும் சோதிக்கிறீங்க! நீங்க செய்றப்ப நாங்களும் செய்யக் கூடாதா?"

கூட்டம் சிரித்தது. தப்ப வழியில்லை. அழுத்தினார். என் கை இறங்கிவிட்டது.

"வெறுங்கை! சக்தியே இல்ல!"

உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தேன். இந்த முறை கொஞ்சம் வீம்பாக நின்றேன். அழுத்தினார். கை சற்றுத் தாக்குப்பிடித்தது.

"ஆகா! இதான்! மலையோட சக்தி அப்படியே துடிக்குது!"

"கோட்டைக் கழட்டுடா தம்பி."

கழற்றினேன். மலையின் சக்தி துடித்துக்கொண்டிருந்தது என்னுடைய பழைய சாக்ஸில். பாதம் வெட்டியது. தோய்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. முதல் முறை போட்டிருந்ததுதான் பெரிய வெள்ளி ஸ்லீவ்.

கூரை அதிரும்படி சிரிப்பு.

"ஒரு தடவை தப்பலாம்!" என்றார் பிரதர்.

"தாராளமா. கார்டிங் அண்ணே, வாங்க."

கார்டிங்கிடமும் சாக்ஸுக்கே அருள் கிடைத்தது. பிரதர் வியர்த்தார். மைக்கின் மின்சாரம் சக்தியைக் கலைக்கிறது என்றார். அக்கா மைக்கை அணைத்தாள். அவளுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

"அண்ணே, வெறுங்கைய நீட்டுங்க." கார்டிங் நீட்டினார். அக்கா இடது கையின் இரண்டு விரலை அவர் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். அந்தப் பன்றித் தொடை மெல்ல இறங்கியது. பிறகு அதே விரலை முழங்கைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். அசையவில்லை.

"வெறுங்கைன்னா மணிக்கட்டுல அழுத்துவாரு. ஸ்லீவ் போட்டா முழங்கைப் பக்கம் நகந்துடுவாரு. வர்ணனை சொல்ற மேடையிலேருந்து ஒரு வாரமா பாக்குறேன். இதுக்குப் பேரு சக்தி இல்ல. என்ன பேரு? வாத்தியாரே, சொல்லு!"

ஊரே என்னைப் பார்த்தது. என் மாணவர்களும் பார்த்தார்கள்.

"நெம்புகோல்" என்றேன். போன மாதம்தான் பாடம் நடத்தியிருந்தேன். தேர்வும் வைத்திருந்தேன். தவறாக எழுதிய ஒரு பையனைத் திட்டியும் இருந்தேன். அவன் முன்வரிசையில் நின்று பல்லைக் காட்டினான்.

கார்டிங் அதற்குள் பிரதரின் மூட்டையைக் கவிழ்த்துவிட்டார். எல்லாம் சின்ன சைஸ். பெரியது ஒன்றுகூட இல்லை. அடியில் கிடந்த காகித அட்டைகளில் 'சிறுவர்களுக்கு மட்டும்' என்று அச்சடித்திருந்தது. பாவம் அந்த ஊசல், கையில் இல்லாத சைஸை எப்படிச் சொல்லும்? பிரதர் கூட்டத்துக்குள் புகுந்து நழுவினார். அந்த வேகத்தில் ஓடுகிறவன் எங்கள் அணியில் இருந்திருந்தால் தாயத்தே தேவைப்பட்டிருக்காது.

மறுநாள் இறுதி ஆட்டம். நான் போகவில்லை. அக்காவோடு நகரத்து மருத்துவமனையில் இருந்தேன். முதலில் கட்டுப் போட்டு வீக்கத்தை இறக்கினார்கள், சில வாரம் அலைந்தோம். வடிந்த பிறகு, ஒரு காலை நேரத்தில், அங்கே அளவெடுக்கிற பெண் நாடாவை எடுத்து மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே, மேலே, அக்குளருகே என்று ஒவ்வொரு இடமாகச் சுற்றி அளந்தாள். புறங்கையும் வீங்கியதால் உள்ளங்கையை மூடுகிற வகையைத் தந்தாள். எந்தப் புனிதரையும் கேட்கவில்லை. "இறுக்கமா இருக்கணும், ஆனா வலிக்கக் கூடாது. விரல் மரத்தா உடனே கழட்டிடுங்க" என்றாள். அக்கா விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணில் நீர் வந்துவிட்டது.

நான் இல்லாத அந்த இறுதி ஆட்டத்தில் எங்கள் அணி ஜெயித்திருந்தது. இப்போது ஊரில் ஒரு புதுப் பேச்சு: வாத்தியார் மைதானத்துக்கு வராவிட்டால் வெற்றி நிச்சயமாம். திருவிழா முடிந்து நடந்த அடுத்த ஆட்டத்தன்று என்னை வீட்டில் பூட்டிவைக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கார்டிங். நான் அவர்களையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

அக்கா அன்றைக்கு மைக்கை, புது ஸ்லீவ் போட்ட வலது கையில் பிடித்தாள்.

"ஊர் மக்களே, கைக்குத்தான் ஸ்லீவ், மூளைக்கு இல்ல! மூளைக்குப் போட்டிருக்கிறவங்க தயவுசெய்து கழட்டிட்டு உட்காருங்க. என் தம்பி, நீ மொதல்ல!"