ஆனந்தராஜா வீட்டுப் பல்

பிளேஸ்டோ பல் வைத்தியசாலையின் காத்திருப்பு அறையில் சுவரைப் பார்த்தபடி குந்தியிருந்த ஆனந்தராஜாவின் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"என்னண்ணை, இந்தப் பக்கம்?"

நிர்மலன்! வேறு யாராக இருந்தாலும் சமாளித்திருக்கலாம். இந்த மனிதரின் மகன் யனுஷனுக்குத்தான் ஆனந்தராஜாவின் மகள் கம்சிகாவைக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நிர்மலனும் மனைவியும் இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு தரமும் சோபாவின் மறு முனையில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, தேத்தண்ணி பாதியில் கிடக்க, "பிறகு சொல்லுறம்" என்று எழும்பிப் போனார்கள். மூச்சுமுட்டுகிற ஆட்கள் போல வாசலுக்கு விரைந்த அந்த அவமரியாதை ஆனந்தராஜாவுக்கு இன்னும் ஆறவில்லை. இந்த லட்சணத்தில், பெண் வீட்டுக்காரருக்குப் பல் வருத்தம் என்றும் தெரிந்தால் சம்பந்தம் என்ன ஆகும்?

குடியிருக்கிற இல்ஃபோர்டில் தடக்கி விழுகிற இடமெல்லாம் பல் வைத்தியர் இருக்க, அவர் பிளேஸ்டோவுக்கு வந்ததே தெரிந்த கண் எதிலும் படக்கூடாது என்றுதான். பதியும்போது பெயர், விலாசம், கவுன்சில் முதல் கரண்ட் கொம்பனி வரை எல்லோருக்கும் கொடுக்கிற மகளின் போன் நம்பர் எல்லாவற்றையும் கொடுத்து, "இது ரகசியமாய் இருக்கவேணும்" என்று அழுத்திச் சொல்லியிருந்தார்.

பல்லைச் சுற்றிய முரசில் இரத்தம் வருவது உடம்புச் சூடு என்றுதான் அவர் இவ்வளவு காலமும் வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். பதிந்த அன்று பார்த்த பல் வைத்தியர் சூடுமில்லை, ஒன்றுமில்லை என்றுவிட்டார். ஊத்தை கல்லாகி முரசுக்குள் இறங்கியிருக்கிறதாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹைஜீனிஸ்டிடம் போய்ச் சுத்தம் செய்யவேண்டுமாம்.

ஊத்தையாம்! ஆனந்தராஜா குடும்பத்துக்கு! அவருடைய தகப்பன் எண்பது வயதில் முறுக்குக் கடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அந்த வம்சத்தில் வந்தவர் இன்னொருவரிடம் வாயைத் திறந்து காட்டிப் பல் மினுக்குவதா? சுத்தம் செய்யத் தந்த நாட்களில் இந்த வாசல்வரை வந்து, மானம் பெரிதென்று இரண்டு தரம் திரும்பிப் போனார். இன்றைக்குத்தான் துணிந்து உள்ளே வந்திருந்தார். இன்றைக்குப் பார்த்து இவர்!

"மனிசிக்குப் பல்லு வருத்தம்," என்றார். "கூட்டிக்கொண்டு வந்தனான்."

"அக்கா எங்க?"

"ரொய்லெற்றுக்குப் போயிட்டா."

நிர்மலன் தலையாட்டிவிட்டு, கதவோடு கிடந்த கதிரையில் அமர்ந்து காலை நீட்டினார். போகிற மனிதராகத் தெரியவில்லை.

ஆனந்தராஜா மூலைக்குப் போய் மனைவி பாலாம்பிகைக்குப் போன் எடுத்தார். அவள் ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தாள்.

"உடன பிளேஸ்டோவுக்கு வா. உனக்குப் பல்லு வருத்தம்."

"எனக்கோ? எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே!"

"குடும்ப மானம் போகுது, வா எண்டா வா!"

போனை வைக்க, வரவேற்பு மேசையிலிருந்த றூபினி கூப்பிட்டாள். "ஆனந்தராஜா!"

"அது மனிசி," என்றார் அவசரமாக. "இந்த நாட்டில புருஷன்ர பேர்தானே பெண்சாதிக்கும்."

"இங்க மிஸ்டர் எண்டெல்லோ கிடக்கு, அங்கிள்?"

"நீங்கள் பிழையாய் அடிச்சதுக்கு நான் பொறுப்போ?" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் பாலாம்பிகை கீரைப் பையோடு தெருவாசலால் வந்து நின்றாள்.

"ரொய்லெற் தூரம் போல," என்றார் நிர்மலன்.

ஆனந்தராஜா பையைப் பறித்துக்கொண்டு மனைவியை உள்ளே தள்ளாத குறையாக அனுப்பினார். போன வேகத்தில் ஹைஜீனிஸ்ட் றஜீனா அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஆர் இவவை அனுப்பினது? இந்த வாயில நான் எதைச் சுத்தம் செய்யிறது? ஆறு மாதத்துக்கு ஒருக்கால் தவறாமல் இல்ஃபோர்டில செய்விக்கிறாவாம். முரசு பிள்ளையளின்ர முரசு மாதிரி இருக்கு!"

"நீ போறனியோ?" ஆனந்தராஜா திகைத்தார். "எனக்குச் சொல்லேல்லையே!"

"சொன்னா விட்டிருப்பியளோ?" என்றாள் பாலாம்பிகை. "யோகா கிளாஸ் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போறனான்."

நிர்மலன் கூரையைப் பார்த்தார். ஆனந்தராஜாவின் பொறுமை அறுந்தது. கீரைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து நின்றார்.

"ஓம், எனக்குத்தான்! என்ர முரசிலதான் இரத்தம்! நான் என்ன களவோ எடுத்தனான்? காரை வருஷம் வருஷம் எம்.ஓ.ரீ. சோதனைக்கு விடுறம். பொயிலருக்கு ஆள் வந்து பாக்கிறான். மூண்டு நேரமும் சோறு அரைக்கிற வாயை ஒருத்தரும் பாக்கக்கூடாதோ?"

சொல்லிவிட்டு, இவ்வளவு நாளும் தான் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லிவிட்டோமே என்ற யோசனை வருமுன், நிமிர்ந்த நடையில் தானே உள்ளே போனார்.

உள்ளே தண்ணீர் சீறியது. கம்பி சுரண்டியது. வருடக்கணக்கில் சேர்ந்த கல் துண்டு துண்டாக வந்தது. "எவ்வளவு மினுக்கினாலும் பிரஷுக்கு இது வராது அங்கிள், இதாலதான் இரத்தமும் மணமும்," என்றாள் றஜீனா. வாய் நிறையக் குழாய் இருந்ததால் அவரால் மறுத்துப் பேச முடியவில்லை.

வெளியே வந்தபோது நாக்குக்குப் பற்கள் வேறு யாருடையவோ போலிருந்தன. நிர்மலன் எழுந்து, முதல் தடவையாக முகத்துக்கு முகம் கிட்ட வந்து நின்றார்.

"கதையுங்கோ அண்ணை."

"என்ன கதைக்கிறது?" ஆனந்தராஜா சீறினார். "எங்கட பிள்ளை வேண்டாமெண்டா நேர சொல்லுங்கோ. பல்லைச் சாட்டாதேங்கோ! நீங்களும் பல்லுக் காட்டத்தானே வந்தனியள்? உங்கட முறைக்கு உள்ளுக்க போங்கோவன்!"

நிர்மலன் இருமிக்கொண்டு கதவைப் பார்த்தார். றூபினிதான் மேசையிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

"அவருக்கு இங்க அப்பொயின்ற்மென்ற் ஒண்டும் இல்லை, அங்கிள். நீங்கள் இரண்டு தரம் வராதபோது, நீங்கள் தந்த நம்பருக்குத்தானே போன் எடுத்தனாங்கள். 'கலியாண மண்டபம் எடுத்தாச்சு, அப்பா இந்த முறையும் ஓடாமல் வாசலில இருந்து பாருங்கோ மாமா' எண்டு உங்கட கம்சிகாதான் இவரை அனுப்பினவா."