சந்தனம் வைத்த வாத்துக் குஞ்சுகள்

வாத்துக் குஞ்சிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஊசி போட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மிருக ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், நாஞ்சில் நாட்டுக்காரர். வாத்தைத் தாரா என்றே சொல்வார்; ஆகவே அவரும் தாரா அண்ணாச்சி ஆனார். அவர் தும்மினால்கூட எங்களுக்கு வாத்துச் சத்தம் கேட்கும்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த சமயம். வெள்ளாயணிக் காயலுக்கு அக்கரையில் வாத்துக் காலரா என்று இக்கரையில் இருந்த செல்லம்மை ஓடி வந்தாள். அவளுக்கு நிலமும் இல்லை, புருஷனும் இல்லை. ஒரு கூட்டம் குஞ்சுகள்தான் உண்டு.

"அண்ணாச்சி, இதுகளும் செத்துப் போச்சுன்னா நானும் பிள்ளைகளும் பட்டினியாக்கும்!"

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம். குமாஸ்தாவான எனக்கு, ஐஸில் வைத்த மருந்துப் பிளாஸ்க்கைச் சுமக்கும் வேலை. அண்ணாச்சி பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, இலையில் சந்தனமும் வாங்கிக்கொண்டார்.

காயல் மேல் பனி. கரை எது, தண்ணீர் எது என்றே தெரியவில்லை. அண்ணாச்சி சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குஞ்சாக மடியில் வைத்துத் தடவினார். அது கண் சொருகும்போது, "பொறுத்துக்கோ மக்கா" என்று கழுத்துத் தோலில் ஊசி. அடையாளத்துக்கு நெற்றியில் சந்தனப் பொட்டு.

"போட்டதை வேறே கூடையில் விடலாமே?" என்றேன்.

"கூட்டத்தைப் பிரிச்சா பயந்துராதா வே?"

அந்தத் தடவலைப் பார்த்து எனக்கே தூக்கம் வந்தது.

பாதிதான் முடிந்திருக்கும். பொட்டு வைத்த குஞ்சொன்று தண்ணீரில் குதித்தது. பிறகு கேட்பானேன்? எல்லாமே குதித்தன. கரையேறியபோது ஒன்றின் நெற்றியிலும் சந்தனம் இல்லை!

மருந்தோ அளவாகத்தான் இருந்தது. ஒன்றுக்கு இரண்டு தரம் குத்தினால் இன்னொன்றுக்கு இல்லை.

"தாராவுக்குச் சந்தனம் வச்ச ஆளை இப்பதான் காணுகேன்!" என்று செல்லம்மை அழுதாள்.

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. உள்ளங்கையில் தவிட்டை வைத்து நீட்டினார். சில குஞ்சுகள் ஓடி வந்தன. மற்றவை அவரைக் கண்டதும் செல்லம்மையின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

"வாறதுக்கெல்லாம் இன்னும் போடல்ல வே. போட்டதுக எல்லாம் என்னை வெறுத்தாச்சு" என்றார்.

நம்பி வந்த ஒவ்வொன்றையும் குத்தினார். குத்தியதும் அதுவும் ஓடியது. கடைசியில் கையில் தவிடு மிஞ்சியது, வர ஒரு குஞ்சும் இல்லை. மருந்தும் தீர்ந்திருந்தது.

நோய் இக்கரைக்கும் வந்தது. செல்லம்மையின் கூட்டத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. சில மாதம் கழித்துப் பார்க்கப் போனோம். வளர்ந்த வாத்துகள் அண்ணாச்சியைக் கண்டதும் மொத்தமாகக் காயலில் பாய்ந்தன.

"ஒண்ணு விடாம ஓடுது, பாரும் வே!" என்று கரையில் நின்று சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் வரை நடந்தேன்.